துருவத்தில் பிழை தேடியவள்

நேரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்தவள், வயதிலும் படிப்பிலும். ஆனால் எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று எழுதக் கை மறுக்கிறது. இதைப் படிக்க நேர்ந்தாலும் அவள் அதற்காக வருத்தப்பட மாட்டாள். எங்காவது தகவல் பிழை இருக்கிறதா என்றுதான் தேடுவாள்.

தஞ்சாவூரை ஒட்டிய ஒரு கல்வி நிறுவனத்தில் நான் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த நேரம். சூரியனைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் பெரிய தொலைநோக்கியைக் கற்பனை செய்துகொண்டார்கள். எங்களிடம் இருந்தது சில கணினிகளும், மாதத்தில் பாதி நாள் ஓடாத ஒரு ஏசியும்தான். விண்ணிலிருக்கும் கருவிகள் எடுக்கும் சூரியப் படங்கள் இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும். அவற்றை இறக்கி, கணக்குப் போடுவோம்.

சேர்ந்த அன்றே அவள் தன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"என்ன தலைப்பு எடுத்திருக்க?"

"சூரியனோட துருவப் பகுதிங்கக்கா. அங்க உள்ள ஓட்டம் எப்படிப் போகுதுன்னு..."

"துருவத்தப் பாத்திருக்கியா?"

"இல்லக்கா."

"யாருமே பாத்ததில்ல. பாக்காத எடத்தப் பத்தி நீ என்ன எழுதப் போற?"

கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். அவள் ஆராய்ந்ததும் அதே துருவத்தைத்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

அவள் சொன்னது பொய்யில்லை. பூமி சூரியனை அதன் இடுப்புக்கு ஏறக்குறைய நேராகச் சுற்றிவருகிறது. அதனால் சூரியனின் நடுப்பகுதி நமக்கு நேராகத் தெரியும். வடதுருவமும் தென்துருவமும் சூரியத் தட்டின் விளிம்பில் நசுங்கி, சாய்வாகத் தெரியும். உள்ளே நடப்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இருந்த வழி சூரியனின் அதிர்வு. சூரியன் ஓயாமல் அதிர்கிறது. அதற்குள் ஒலியலைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மேற்பரப்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. ஓர் அலை இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்குப் போக எவ்வளவு நேரம், திரும்பி வர எவ்வளவு நேரம் என்று பார்த்தால், இடையில் இருக்கும் வாயு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். ஆற்றில் ஓட்டத்தோடு போகிற படகு சீக்கிரம் போகும், எதிர்த்து வருவது தாமதமாகும். அவ்வளவுதான். நடுப்பகுதியில் இந்தக் கணக்கு அழகாக வரும். துருவத்துக்குப் போகப் போக எல்லாம் சந்தேகம்.

சந்தேகம்தான் அவளுக்குச் சாப்பாடு. "எப்படித் தெரியும்?" என்று கேட்காமல் அவள் ஒரு பேச்சைத் தாண்டியதில்லை. மழை வரும் என்று கேண்டீன்காரர் சொன்னால் கேட்பாள். பஸ் கிளம்பிவிட்டது என்று சொன்னால் கேட்பாள். அவரவருக்குப் பதில் தெரியாதபோது அவள் உதட்டோரம் மெல்ல விரியும். அந்த அரைச் சிரிப்பைத்தான் நான் முதலில் வெறுக்கத் தொடங்கினேன்.

ஒரு பொங்கலுக்கு ஆய்வுக்கூடத்தில் எல்லோரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தேன். அவளும் வந்தாள். அவள் வலங்கைமான் பக்கம் நிறைய நிலம் உள்ள குடும்பத்துப் பெண். என் அப்பா அப்படிப்பட்டவர்களின் வயல்களில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர். பிறகு கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பயிர் வைக்க ஆரம்பித்தவர். வந்தவர்களை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முற்றிய சம்பா, கதிர் தலைசாய்ந்து நின்றது.

"இந்த வருசம் புது ரகம் போட்டேம்மா. நல்லா வெளைஞ்சிருக்கு, பாருங்க."

"புது ரகத்தாலதான்னு எப்படித் தெரியும்? பழசையும் பக்கத்துல போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லம்மா..."

"இந்த வருசம் ஆத்துல தண்ணி நல்லா வந்துச்சு. அதனாலயும் இருக்கலாம்ல?"

அப்பா சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அதற்குமேல் எதையும் காட்டவில்லை. எல்லோரும் போனபிறகு சொன்னார், "அந்தப் பொண்ணு சொல்றது சரிதான். அதுக்காக வெளைஞ்சு நிக்கிற வயலுக்கு முன்னாடி நின்னுக்கிட்டா அதக் கேப்பாங்க?"

இதெல்லாம் சின்ன விஷயம். திருக்கடையூரில் அவள் செய்ததைப் பார்த்தபிறகுதான் எனக்கு அவளிடம் பயம் வந்தது.

அவளுடைய அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஆய்வுக்கூடத்திலிருந்து நாங்கள் சிலர் போயிருந்தோம். கோயில் பிராகாரத்தில் பத்துப் பதினைந்து ஜோடிகள் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்க, நடுவில் இவர்களும். கலசத் தண்ணீர் ஊற்றி, தாலி கட்டி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. உறவினர்கள் ஒவ்வொருவராகக் காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அவளுடைய மாமா உரக்கச் சொன்னார்.

"மச்சான் இன்னும் நாப்பது வருசம் கல்லு மாதிரி இருப்பாரு. எண்பதையும் இங்கதான் செய்யப் போறோம், நூறையும் இங்கதான் செய்யப் போறோம்."

"எப்படித் தெரியும் மாமா?" என்றாள் அவள்.

"என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா..."

"அப்பாவுக்கு நெஞ்சுல அடைப்பு இருக்கு. ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லி மூணு மாசம் ஆச்சு. அம்மாகிட்ட மறைச்சு வச்சிருக்காரு. கேளுங்க அவர."

அவள் அம்மா கழுத்தில் புதுத் தாலியின் மஞ்சள் காயவில்லை. அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சுற்றியிருந்த நாதஸ்வரங்களில் ஏதோ ஒன்று இன்னொரு ஜோடிக்காக வாசித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சத்தமே வராமல் அழுதார். பந்தியில் இவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள்.

"ஏங்கக்கா, வீட்டுலயே சொல்லியிருக்கலாமே?" என்றேன். தாங்க முடியவில்லை.

"தனியா சொன்னா அவர் ஏதாவது சொல்லி அமுக்கிடுவாரு. அம்மாவும் நம்பிடும். நாலு பேரு முன்னாடி சொன்னா அமுக்க முடியாது."

அந்த வாரமே அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் பெற்றவர்கள் இருவரும் அதன்பிறகு வலங்கைமான் வீட்டில் அவளோடு அதிக நாள் இருக்கவில்லை. பேராவூரணியில் அம்மாவின் பிறந்த வீட்டுத் தென்னந்தோப்புக்குப் போய்விட்டார்கள். இவளுக்கு அதில் எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? அதுதான் அவளுக்குக் கணக்கு. நானும் அப்போது ஒருவழியாக அவளைப் புரிந்துகொண்டதாக நினைத்தேன். உண்மை அமுங்கிவிடக் கூடாது, அதற்காகத்தான் சபையில் போட்டு உடைக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டுதான் அடுத்து நடந்ததையும் பல வருடம் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

என் ஆய்வில் ஒரு முடிவு வந்திருந்தது. சூரியனின் மேற்பரப்பில் வாயு நடுவிலிருந்து துருவத்தை நோக்கி ஓடும் என்பது தெரிந்த விஷயம். என் கணக்கில், துருவத்தை நெருங்கும் இடத்தில் அது எதிர்த்திசையில் திரும்பி ஓடியது. என் வழிகாட்டிப் பேராசிரியர் மகிழ்ந்துபோனார். ஆய்வேட்டின் மையமே அந்த அத்தியாயம்தான். அதை வைத்து வெளிநாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலையும் உறுதியாகியிருந்தது. பட்டம் கைக்கு வந்ததும் கிளம்ப வேண்டியதுதான். படித்துப் பார்க்கச் சொல்லி ஆய்வேட்டின் பிரதியையும் கணினி நிரலையும் அவள் மேசையிலும் வைத்திருந்தேன்.

கடைசியாக வைவா. அது எல்லோரும் வந்து உட்காரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்ற வாய்மொழித் தேர்வு. உண்மையில் யாரும் கேட்பதில்லை. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்; வெளியூர் நிபுணர் இரண்டு கேள்வி கேட்பார், கைதட்டுவார்கள், டீயும் மிக்சரும் வரும். எங்கள் தெருவிலிருந்து ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி, சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மா எல்லோருக்கும் கொடுக்க அதிரசம் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். ஊர்ப் பஸ் நிறுத்தத்தில் என் படம் போட்ட பிளெக்ஸ் முந்தின நாளே நின்றுவிட்டது. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று கொட்டை எழுத்தில்.

பேசி முடித்தேன். நிபுணர் கேட்டதற்குப் பதில் சொன்னேன். "சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்கள். அவள் எழுந்தாள்.

"துருவத்துல ஓட்டம் திரும்புதுன்னு சொன்ன. அது சூரியன்ல நடக்குது, நம்ம பாக்குற கோணத்தால வரலைன்னு எப்படித் தெரியும்?"

"விளிம்பு நசுங்கித் தெரியறதுக்குத் திருத்தம் போட்டிருக்கேங்கக்கா."

"அது போதாது. கிழக்கு ஓரத்துக்கும் மேற்கு ஓரத்துக்கும் இதே கணக்கப் போட்டியா?"

"இல்லக்கா. அங்க துருவம் இல்லையே."

"அதனாலதான் கேக்குறேன்" என்றாள். முன்னால் வந்தாள். சட்டைப் பையில் கைவிடுவதுபோல அவ்வளவு சாதாரணமாகப் பென் டிரைவை எடுத்துச் செருகினாள். திரையில் மூன்று கோடுகள் வந்தன. ஒன்று வடக்கு விளிம்பில் நான் கண்ட ஓட்டம். மற்ற இரண்டும் கிழக்கு, மேற்கு விளிம்புகளுக்கு என் நிரலையே ஓட்டி அவள் எடுத்தவை. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. எந்த விளிம்பை எடுத்தாலும் தட்டின் நடுவை நோக்கி ஓர் ஓட்டம் இருப்பதுபோலத் தோன்றியது. விளக்க இனி எதுவும் இல்லை. நான் கண்டது சூரியனில் இல்லை. விளிம்பைச் சாய்வாகப் பார்ப்பதால் வரும் மயக்கம்.

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அத்தியாயத்தைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொன்னார். அரங்கில் எனக்குக் கேட்ட ஒரே சத்தம், பின்வரிசையில் அப்பா பக்கத்து ஆளிடம் கேட்டதுதான்: "முடிஞ்சிடுச்சா? கைதட்டலாமா?"

திருத்த ஒரு வருடம் ஆனது. வெளிநாட்டு நிறுவனம் அதுவரை காத்திருக்கவில்லை. பிளெக்ஸ் மட்டும் காற்றில் கிழியும்வரை பஸ் நிறுத்தத்திலேயே நின்றது. ஒவ்வொரு முறை பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் என் பல்வரிசையையும் அந்த 'டாக்டரை'யும் பார்த்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தேன். கடைசியில் பட்டம் வந்தபோது ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தின் முடிவு, துருவத்தில் ஓட்டம் எப்படி என்று இந்தத் தரவால் சொல்ல இயலாது, என்பதாக இருந்தது. அதை எழுதிவிட்டு ஒரு கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன்.

அவளிடம் பேசுவதை நிறுத்தியிருந்தேன். அவள் வலங்கைமான் வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஏதோ ஒரு வெளிநாட்டுக் குழுவுக்காக இணையவழியே வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

போன வருடம் அவளே போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"உனக்கு என்னைப் பிடிக்காதுல்ல?"

"பிடிக்காதுக்கா."

"அதான் கூப்பிட்டேன். துருவத்தப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். எங்க குழுவுல எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குங்கிறாங்க. யாரும் ஒழுங்காப் பாக்கல. நீ பாரு. நிரல், தரவு எல்லாம் அனுப்புறேன். தப்பு இருந்தா உன் கண்ணுலதான் படும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது ஒரு விண்கலம் பூமியின் பாதையை விட்டு மேலேறி, சூரியனின் துருவத்தைச் சற்று மேலிருந்து படமெடுக்கத் தொடங்கியிருக்கிறது. அதன் அதிர்வுத் தரவு முழுதாக வருவதற்குள் இவள் பூமியிலிருந்து எடுத்த நெடுங்காலத் தரவை வைத்து முந்திக்கொள்ளப் பார்க்கிறாள் என்று புரிந்தது. துருவத்தை நோக்கிய ஓட்டம் கூடுவதும் குறைவதுமாக, ஒரு தாளத்தில் துடிக்கிறது என்பது அவள் முடிவு. விளிம்பு மயக்கத்தை அவளை விட யாருக்குத் தெரியும்? அதையெல்லாம் சுத்தமாக நீக்கியிருந்தாள். நிரல் அவ்வளவு நேர்த்தி. வரிவரியாகப் படித்தபோது பொறாமையாக இருந்தது.

கல்லூரி வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதிலேயே உட்கார்ந்தேன். பல மாதங்கள். வேறு எதற்காகவும் நான் அப்படி உழைத்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. அவள் சொன்ன துடிப்பு வடக்கில் உச்சத்துக்கு வருவது எப்போதும் புரட்டாசியை ஒட்டி. தெற்கில் பங்குனியை ஒட்டி. சூரியனுக்குப் புரட்டாசி ஏது, பங்குனி ஏது? அவை பூமி சுற்றுவதால் நமக்கு வருபவை. சூரியனின் அச்சு கொஞ்சம் சாய்ந்திருப்பதால் ஒரு காலத்தில் வடதுருவம் நம் பக்கம் தலையாட்டும், ஆறு மாதம் கழித்துத் தென்துருவம். அந்தச் சாய்வைப் பிற்பாடு இன்னும் துல்லியமாக அளந்திருக்கிறார்கள்; அவள் பழைய அளவையே வைத்துத் திருத்தம் போட்டிருந்தாள். அது மயிரிழை பிசகு. அந்த மயிரிழைதான் அவளுடைய துடிப்பு. புது அளவை வைத்து ஓட்டியதும் துடிப்பு அடங்கிப்போனது.

துணியைப் பாதியில் விட்டுவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தேன். என் மகள் பயந்து ஓடிவந்து பார்த்தாள்.

பத்து நாளில் அவள் இணையவழிக் கருத்தரங்கு ஒன்றில் இந்தக் கட்டுரையை வாசிக்க இருந்தாள். நான் அங்கேயே கையை உயர்த்தியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வலங்கைமானுக்குப் பஸ் ஏறினேன்.

குறுவை அறுப்பு நேரம். சாலையில் பாதியை நெல் அடைத்துக் கிடந்தது. அத்தனை பெரிய வீட்டில் அவள் ஒரே ஓர் அறையில் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடி நன்றாக நரைத்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"கண்டுபிடிச்சிட்டியா?"

காட்டினேன். ஒருமுறை பார்த்தாள். தன் கணினியில் சாய்வின் அளவை மாற்றித் தானே ஓட்டிப் பார்த்தாள். கோடு தட்டையாகும்வரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சரி. போச்சு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இதுக்கு இத்தன மாசமா? உன்னோடத நான் ஒரே வாரத்துல கண்டுபிடிச்சேன்."

அந்த உதட்டோரம் விரிந்தது.

"ஒரு வாரத்துலயா? என் ஆய்வேடு உங்க மேசைல எத்தன மாசம் கெடந்துச்சு? அப்பவே தெரிஞ்சும் ஏன் வைவா வரைக்கும் சொல்லல? கைடு சார் அமுக்கிடுவாருன்னா?"

"சார் அமுக்க மாட்டாரு. பயந்த மனுசன். சொல்லியிருந்தா அன்னைக்கே திருத்தச் சொல்லியிருப்பாரு."

"அப்புறம்? நான் எந்தத் தெருவுலேர்ந்து வந்தவங்கிறதாலயா?"

"நீ எந்தத் தெருன்னு நான் நினைச்சுப் பாத்ததே இல்ல. நீ வெளிநாடு போறதுதான் உறுத்திச்சு. அந்த எடத்துக்கு நானும் எழுதிப் போட்டிருந்தேன். எனக்குக் கெடைக்கல, உனக்குக் கெடைச்சுச்சு. தப்பான ஒரு முடிவ வச்சு. நீ தோக்குறத உன் ஆளுங்க எல்லாரும் பாக்கணும்னு இருந்துச்சு. நான் சொன்னது சரி. சொன்ன எடம், வேணும்னே செஞ்சது."

குரல் இறங்கவில்லை. மன்னிப்பு என்ற சொல் அந்தப் பக்கம்கூட வரவில்லை. மாமாவிடம் அப்பாவின் நோயைச் சொன்ன அதே குரல். இத்தனை வருடம் நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆறுதல், அவள் உண்மைக்காகத்தான் செய்தாள் என்பது. அதையும் அவளே பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

"நீ ஏன் இங்க வந்து சொன்ன? கருத்தரங்குல சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அங்க சொன்னா உங்க குழுவுல நாலு பேரு உங்களுக்கு ஆறுதல் சொல்லுவாங்க. இங்க யாரும் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள், ஒரு கணக்கு சரியாக வந்ததைப் பார்த்ததுபோல.

"கதவ இழுத்துச் சாத்திட்டுப் போ. நாய் வந்துடும்" என்றாள்.

நான் பஸ் நிறுத்தம் வந்துசேர்வதற்குள் செல்போனில் மின்னஞ்சல் வந்துவிட்டது. குழுவுக்கு, கருத்தரங்குக்காரர்களுக்கு, எல்லோருக்கும் சேர்த்து அனுப்பியிருந்தாள். முடிவு தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், பிழையைக் கண்டவர் இன்னார் என்று என் முழுப் பெயரையும் கல்லூரியையும் போட்டு மூன்றே வரி. எந்த நிறுவனத்தில் நான் சேர முடியாமல் போனதோ, அந்த நிறுவனத்து ஆட்களும் அந்த முகவரிகளில் இருந்தார்கள். அதை அவள் யோசித்துச் செய்தாளா, யோசிக்காமல் செய்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நான் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

அப்பாவுக்குப் போன் செய்தேன். எதற்காகப் போகிறேன் என்று அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேம்ப்பா. எல்லாம் தப்புன்னு ஒத்துக்கிச்சு."

"அழுதுச்சா?"

"இல்லப்பா."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்லப்பா."

மறுமுனையில் அறுப்பு இயந்திரத்தின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா ஏமாந்துபோனது எனக்குத் தெரிந்தது. நானும்தான் ஏமாந்திருந்தேன்.

"ராட்சசி" என்றார் அப்பா.